ஸ்கேன் செய்த பழைய பிராக்கெட்: மெஷ்ஷை சொலிட் ஆக்கினால் ஃப்ரீகேட் நின்றுவிடுகிறது

கொட்டகலை_ஸ்டோர்

வணக்கம். தேயிலை ஸ்டோரில் இலை உருட்டும் பழைய ரோலர் ஒன்றின், ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் பிராக்கெட். வார்ப்பிரும்பு. அடித்தட்டில் நாலு போல்ட் துளை. அதில் ஒரு மூலை துளையோடு சேர்த்து உடைந்துவிட்டது. பேர்ப்பலகை தேய்ந்து எழுத்தே தெரியவில்லை, ஸ்பெயார் கிடைக்கவும் வழியில்லை. புதிதாக வார்க்க பெட்டர்ன் (மணலில் அச்செடுக்கும் மாதிரி) செய்ய வேண்டும்.

போனில் 130 படம் எடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் கட்டும் ஃபோட்டோகிராமெட்ரியில் மெஷ் (முக்கோண வலை) எடுத்தாயிற்று. அந்த மெஷ் உள்ள எஸ்.டி.எல். கோப்பு 74 எம்பி, லெப்டொப் 8 ஜிபி. வரைதல் சொப்ட்வெயரான ஃப்ரீகேட்டில் 'கிரியேட் ஷேப் ஃப்ரம் மெஷ்' கொடுத்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. மெஷ் திருத்தும் மெஷ்லேப்பில் 20,000 முக்கோணமாகக் குறைத்த பிறகு ஷேப் வந்தது, 'கன்வேர்ட் டு சொலிட்' (உள்ளே நிறைந்த பொருளாக்குவது) உம் ஓடியது. ஆனால் அதில் துளை போட 'கட்' கொடுத்தால் சிலவேளை பிழை காட்டுகிறது, சிலவேளை பொருளே காணாமல் போகிறது. அளவும் கோளாறு: அடித்தட்டு நீளம் மெஷ்ஷில் 3.87 என்று காட்டுகிறது.

வேர்னியரில் எடுத்தவை (மிமீ): அடித்தட்டு நீளம் 241.2, அகலம் 101.8, தடிப்பு 19. நீளவாக்கில் போல்ட் துளை மையத்திலிருந்து மையம் 190.4. பேரிங் துளை ஒரு பக்கம் 63.6, குறுக்கே 64.1. அடியிலிருந்து துளை மையம் ஏறக்குறைய 101.5.

சுத்தமான சொலிட் எடுப்பது எப்படி? உடைந்த மூலையை என்ன செய்வது?


பதுளை_டிராஃப்டிங்

உங்கள் 74 எம்பி கோப்பு பைனரி எஸ்.டி.எல். என்று வைத்துக்கொள்வோம். தலைப்புக்கு 84 பைட், அதன்பின் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். உங்களிடம் இருப்பது 1,480,000 முக்கோணம். மூடிய மெஷ்ஷில் விளிம்புகள் அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 2,220,000. மெஷ்ஷாகக் கிடக்கும்வரை அது வெறும் புள்ளிப் பட்டியல், லெப்டொப் தாங்கும். சொலிட் ஆக்கு என்றதும் ஒவ்வொரு முக்கோணமும் தனி முகமாகப் பதிவாகி, பக்கத்து முகங்களோடு ஒவ்வொன்றாகத் தைக்கப்பட வேண்டும். 8 ஜிபி என்ன, 32 ஜிபி போட்டாலும் திணறும்.

குறைத்து மாற்றினாலும் பெரிய பயன் இல்லை. உங்கள் கண்ணுக்குத் துளையாகத் தெரிவது ஃப்ரீகேட்டுக்கு சில நூறு தட்டைத் துண்டுகள். அதற்கு விட்டம் கிடையாது, மையம் கிடையாது, மூலைக்கு வளைவு கேட்டாலும் கொடுக்காது. ஆகவே மெஷ்ஷை மாற்ற வேண்டாம். அதைப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் புதிதாக வரையுங்கள். இந்தப் பிராக்கெட்டுக்கு அரை நாள் வேலை.

முதலில் அளவு. ஃபோட்டோகிராமெட்ரிக்கு மில்லிமீட்டர் என்ன, அங்குலம் என்ன எதுவும் தெரியாது. உருவ விகிதம் மட்டும் சரியாக இருக்கும். எஸ்.டி.எல். கோப்பிலும் அலகு எழுதப்படுவதில்லை, ஃப்ரீகேட் மிமீ என்று எடுத்துக்கொள்கிறது. பெருக்கும் எண்ணை எப்போதும் தூரமான இரு புள்ளியிலிருந்து எடுங்கள். 190.5இல் 0.1 மிமீ தவறினால் 0.05 சதவீதம்தான் பிழை. 17 மிமீ போல்ட் துளையை வைத்துக் கணக்குப் பார்த்தால் அதே 0.1 மிமீ 0.6 சதவீதமாகி, அடித்தட்டு நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை மிமீ தின்றுவிடும். 241.3 ÷ 3.87 = 62.35. அந்த எண்ணால் பெருக்கி, போல்ட் தூரமும் 190.5 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மெஷ்ஷே கோணலாக வந்திருக்கிறது, படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஏன் 241.2 இல்லாமல் 241.3 என்றேன்? உங்கள் அளவுகளை 25.4ஆல் வகுத்துப் பாருங்கள். நீளம் 9½ அங்குலம், அகலம் 4, தடிப்பு ¾, போல்ட் தூரம் 7½, பேரிங் துளை 2½, மைய உயரம் 4. அந்தக்கால ரோலர், டிரையர் பலவும் கெய்ன்ஸ்பரோவிலும் பெல்பாஸ்டிலும் செய்து கப்பலேறி வந்தவை. வரைந்தவன் கையில் அங்குல மட்டம்தான் இருந்தது. மெஷ் 101.43 என்று சொன்னால் 101.43 என்று வரையக்கூடாது, 101.6. ஃப்ரீகேட்டில் அளவுப் பெட்டியில் எண்ணோடு அங்குல அலகைச் சேர்த்து எழுதினால் தானே மாற்றிக்கொள்ளும்.

அடுத்தது நிமிர்த்தி வைப்பது. கிளவுட்கம்பேர் என்ற சொப்ட்வெயரில் 'லெவல்' கொடுத்து அடித்தட்டின் கீழ்முகத்தில் மூன்று புள்ளி தொட்டால் அந்தத் தளம் கிடையாகிவிடும். புள்ளிகளை முடிந்தவரை தூரத் தூரமாக எடுங்கள். அதைவிட நல்லது, கீழ்முகத்தை மட்டும் வெட்டியெடுத்து 'ஃபிட் பிளேன்'. ஆயிரக்கணக்கான புள்ளிகளின் சராசரி கிடைக்கும். இந்தப் படியை அவசரத்தில் தாண்டிவிட்டால் பிறகு வெட்டும் குறுக்குவெட்டு எல்லாம் சரிவாக விழும், வட்டத் துளைகூட முட்டையாகத் தெரியும்.

பிறகு ஃப்ரீகேட். மெஷ் வேர்க்பெஞ்சில் 'கிராஸ்-செக்‌ஷன்ஸ்'. நீளவாக்கில் நடுவே ஒன்று, விலா (பலம் கொடுக்கும் குறுக்குத் தகடு) ஒவ்வொன்றுக்கும் ஒன்று, அடித்தட்டுத் தடிப்பின் பாதியில் ஒன்று. ஐந்தாறு போதும். வரும் கோடுகள் ஆயிரம் துண்டாகத்தான் இருக்கும். அதை நேரே 'பேட்' பண்ண (தடிப்புக் கொடுத்து சொலிட் ஆக்க) நினைக்காதீர்கள். அதே தளத்தில் ஸ்கெட்ச் திறந்து, கீழே தெரியும் கோட்டின்மேல் நீங்களே நேர்கோடும் வில்லும் போட்டு அளவுகளைக் கட்டுங்கள். அடித்தட்டு, பேரிங் உருளை, விலா, கடைசியாக மூலை வளைவு. வளைவை நடுவில் போட்டுவிட்டுப் பின்னால் விலா அளவை மாற்றினால் மொடல் உடையும்.

உடைந்த மூலைக்கு ஸ்கெட்ச்சிலேயே சமச்சீர் கட்டுப்பாடு போதும். ஆனால் நாலு துளையும் சமச்சீர் என்று நம்பிவிடாமல், பிராக்கெட் உட்காரும் பெட்மேல் காகிதம் விரித்து கிரீஸ் தடவிய விரலால் தேய்த்து, துளைகளின் பதிவை எடுத்து ஒப்பிடுங்கள்.

ஃபியூஷன் என்ற வரைதல் சொப்ட்வெயர் உள்ளவர்களுக்கு 'மெஷ் செக்‌ஷன் ஸ்கெட்ச்'உம் 'ஃபிட் கேர்வ்ஸ்'உம் இதே வேலையைச் சுலபமாக்கும், வட்டத்தை அதுவே பொருத்தித் தரும். மெஷ்ஷை நேரே சொலிட் ஆக்கும் 'பிரிஸ்மாட்டிக்' மாற்றத்துக்குப் பணம் கட்டிய உரிமம் வேண்டும்.


முக்கோணம்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் 'கட்' ஏன் தவறியது என்பதற்குப் பதில் வரவில்லை.

பொருள் காணாமல் போவது பெரும்பாலும் முகங்கள் உள்வெளியாகத் திரும்பியிருப்பதால். முக்கோணத்தின் மூன்று புள்ளிகளும் எந்தச் சுற்றில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை வைத்துத்தான் எது வெளிப்புறம் என்று தெரியும். எல்லாம் தலைகீழாக இருந்தால் ஃப்ரீகேட்டின் கணக்கில் உங்கள் பிராக்கெட் ஒரு குழி, சுற்றியிருக்கும் உலகம் இரும்பு. கன அளவைப் பார்த்தால் மைனஸில் நிற்கும்.

பிழை காட்டுவதற்கு வேறு காரணம். ஒரு விளிம்பை இரண்டு முகம்தான் பகிரலாம். மூன்று பகிர்ந்தாலோ, ஒன்றோடு நின்றாலோ உள்ளே எது, வெளியே எது என்று முடிவு செய்ய முடியாது. ஃபோட்டோகிராமெட்ரி மெஷ்ஷில் அடிப்பகுதி பெரும்பாலும் ஓட்டையாக இருக்கும், பக்கத்தில் மிதக்கும் தூசித் துண்டுகளும் இருக்கும். மெஷ்லேப்பில் முதலில் 'ரிமூவ் ஐசோலேட்டட் பீசஸ்', பிறகு 'மேர்ஜ் குளோஸ் வேர்டிசஸ்', பிறகு 'ரிப்பேர் நொன் மேனிஃபோல்ட் எட்ஜஸ்', அதன்பின்தான் 'குளோஸ் ஹோல்ஸ்'. வரிசை மாறினால் தூசித் துண்டின் ஓட்டையையும் சேர்த்து அடைத்து வைக்கும். குறைப்பது கடைசி: 'குவாட்ரிக் எட்ஜ் கொலாப்ஸ்', அதில் 'பிளேனர் சிம்ப்ளிஃபிகேஷன்' தேர்வு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டையான அடித்தட்டில் ஊசி மாதிரி நீண்ட முக்கோணங்கள் விழும். ஃப்ரீகேட்டில் 'எவல்யூவேட் அண்ட் ரிப்பேர் மெஷ்' திறந்து, தன்னைத்தானே வெட்டும் முகங்கள் பூச்சியமா என்று பாருங்கள்.

இன்னொன்று: நீங்கள் 3.87 நீளத்தில் வைத்துக்கொண்டே ஷேப் ஆக்கியிருந்தால் அதுவே போதும் கெடுக்க. தைக்கும் டொலரன்ஸ் (இதற்குள் கிடக்கும் புள்ளிகளை ஒன்றாக எடுத்துக்கொள்ளும் தூரம்) வழக்கமாக 0.1 மிமீ. மொத்தப் பொருளே 3.87 மிமீ என்றால் பல முக்கோணங்களின் விளிம்பு அந்த 0.1ஐ விடச் சின்னது. பெரிதாக்குவது முதலில், மாற்றுவது பிறகு.

இனி சின்ன மறுப்பு. எல்லாவற்றையும் திரும்ப வரையத்தான் வேண்டுமா? வார்ப்புக்குப் பெட்டர்ன் என்றால் மெஷ்ஷையே பிளெண்டர் என்ற சொப்ட்வெயரில் திருத்தி, நல்ல பாதியை 'மிரர்' பண்ணி, அப்படியே 3டி பிரிண்ட் பண்ணலாம். அலங்கார இரும்புத் தூண், வளைந்த கைப்பிடி போன்றவற்றுக்கு அதுதான் சரியான வழி. இந்தப் பிராக்கெட்டுக்கு வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம், மெஷ் தேய்மானத்தையும் சேர்த்தே படியெடுக்கும். 63.6க்கும் 64.1க்கும் இடையில் இருப்பது ஷாஃப்ட் தின்ற இரும்பு.

படம் திரும்ப எடுப்பதானால்: எண்ணெய் படிந்த கறுப்பு இரும்பில் மினுக்கம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், சொப்ட்வெயருக்குப் பிடி கிடைக்காது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சோக்குத் தூளைத் துணியில் தட்டிப் பூசுங்கள். ஈரத்தில் பூசினால் கட்டி கட்டியாக நிற்கும். பக்கத்தில் இரண்டு ஸ்டீல் ரூலரை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து அவையும் படத்தில் விழும்படி எடுங்கள். வெயில் நாள் வேண்டாம். நிழலே விழாத நம் பக்கத்து மூட்டம் இருக்கிறதே, இந்த வேலைக்கு அதைவிட நல்ல லைட் கடையில் கிடைக்காது.


மணல்பெட்டி

வரைந்து முடித்த சொலிட்டை அப்படியே பிரிண்ட் பண்ணி ஃபவுண்டரிக்குக் கொண்டுபோக வேண்டாம். அது முடிந்த சாமானின் வடிவம், பெட்டர்ன் அல்ல. ஒரே கோப்பில் முடிந்த வடிவத்தை ஒரு 'பொடி'யாக (Body, ஃப்ரீகேட்டில் தனிப் பொருள்) வைத்து, அதன் நகலில் பெட்டர்ன் வேலையைச் செய்யுங்கள்.

சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். 241.3 வேண்டுமென்றால் பெட்டர்ன் 243.7. பித்தளை என்றால் 1.5 சதவீதம். உங்கள் மெஷ் ஏற்கெனவே சுருங்கி முடிந்த வார்ப்பிலிருந்து வந்தது, அதனால் இந்த 1.01 பெருக்கல் கட்டாயம் வேண்டும். பழைய மரப் பெட்டர்னை யாராவது ஸ்கேன் பண்ணிக் கொண்டுவந்தால் வேண்டாம். அதில் சுருக்கம் சேர்த்துத்தான் செதுக்கியிருப்பார்கள்.

மெஷினிங் பண்ணும் முகங்களுக்கு 3 மிமீ கூட்டுங்கள்: அடித்தட்டின் கீழ்முகம், பேரிங் உருளையின் இரு பக்கமும். துளையைச் சுற்றிலும் 3 விட்டு 57.5 மிமீ கோர் (வார்ப்பில் துளையை உண்டாக்கும் மணல் உருளை). போல்ட் துளைகளை வார்ப்பில் விட வேண்டாம், பிறகு டிரில் பண்ணலாம். இந்த 3 மிமீயை ஸ்கேல் பண்ணிச் சேர்க்க முடியாது என்பதைக் கவனியுங்கள். ஸ்கேல் எல்லாத் திசையிலும் விகிதமாகப் பெருக்கும், ஒரு முகத்தை மட்டும் தடிப்பாக்காது. சொலிட்டாக வரைந்ததன் முதல் லாபம் இங்கேதான்: அந்த ஒரு முகத்தைத் தொட்டு 3 மிமீ நீட்டினால் முடிந்தது. மெஷ்ஷில் அதே வேலை பெரும் தொல்லை.

பிரிகோடு (மணல் அச்சின் மேல்பெட்டியும் கீழ்பெட்டியும் பிரியும் இடம்) அகலத்தின் நடுவே. 101.6 அகலம், பாதிக்கு 50.8 ஆழம், பேரிங் துளையின் திசையிலேயே பெட்டர்னை மணலிலிருந்து இழுக்கலாம். இழுக்கும் திசைக்கு இணையான எல்லா முகத்துக்கும் 2 பாகை சாய்வு. 50.8 ஆழத்தில் அது 1.8 மிமீ. அடித்தட்டின் கீழ்முகத்திலும் இந்தச் சாய்வு விழும், நீங்கள் கூட்டிய 3 மிமீ மெஷினிங்கில் அது போய்விடும். சாய்வை எப்போதும் சேர்க்கும் பக்கமாகக் கொடுங்கள், குறைக்கும் பக்கமாக அல்ல. விலாவும் தட்டும் சேரும் உள்மூலைகளுக்கு 6 மிமீ வளைவு. கூர்மையாக விட்டால் அந்த இடத்தில்தான் வெடிக்கும். உங்கள் பழைய மூலை உடைந்த இடத்தையும் ஒருமுறை பாருங்கள்.

கோருக்கு இரண்டு பக்கமும் 20 மிமீ நீளத்தில் கோர் பிரிண்ட் வரைய மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் கோர் எங்கே உட்காரும்?

பிரிண்டர் மேசை 220 × 220 என்றால் பாதி பெட்டர்னும் அதில் அடங்காது. நீளத்தின் நடுவிலும் வெட்டி நாலு துண்டாக அடியுங்கள். ஒட்டும் முகங்களில் 6 மிமீ பின்னுக்கு 6.2 மிமீ துளை விட்டு ஸ்டீல் கம்பி போட்டுச் சேருங்கள். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் போதும், ஆனால் நுவரெலியா ஈரத்தில் திறந்து வைத்த சுருள் இரண்டு மூன்று நாளில் நூல் நூலாக வடியும். சிலிக்கா போட்டு மூடி வையுங்கள். அடித்த பிறகு படைவரிகளில் 'பொடி ஃபில்லர்' பசை தடவி, 240 தாளால் தேய்த்து, லேக்கர் இரண்டு பூச்சு. வரி தெரிந்தால் மணல் பிடித்துக்கொள்ளும், இழுக்கும்போது மோல்ட் கிழியும். சூடாக்கி இறுக்கும் மணலுக்கு இந்தப் பெட்டர்ன் ஆகாது. 60 பாகை செல்சியஸுக்கே பி.எல்.ஏ. இளகத் தொடங்கும். சூடாக்காத ஈர மணலுக்கு (பச்சை மணல்) பயமில்லை.


முக்கோணம்

பிரிண்டுக்கு ஏற்றுமதி பண்ணும்போது ஒன்று: ஃப்ரீகேட் மெஷ்ஷாக மாற்றும்போது மேற்பரப்பு விலகல் 0.1 மிமீ, கோணம் 30 பாகை என்று இருக்கும். 63.5 விட்டத்துக்கு 0.1 என்றால் வட்டம் 40 பக்கம் கொண்ட உருவமாகிவிடும். 0.02 ஆக்கினால் 89 பக்கம். கோணத்தை 5 பாகைக்குக் குறையுங்கள். முனைகள்தான் வட்டத்தில் தொடும், பக்கங்கள் உள்ளே நிற்கும். அதனால் துளை எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே வரும். 20 மிமீ துளையை 32 பக்கமாக ஏற்றினால் எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 19.9தான்.


கொட்டகலை_ஸ்டோர்

மூவருக்கும் மிக்க நன்றி. 62.35ஆல் பெருக்கியதும் போல்ட் தூரம் 190.5 சரியாக வந்தது. வரைந்து முடித்து கிளவுட்கம்பேரில் 'கிளவுட் டு மெஷ் டிஸ்டன்ஸ்' ஓட்டினால் பெரும்பாலான இடம் 0.3க்குள். ஆனால் அகலத்தின் ஒரு பாதி முழுக்க, உருளையின் ஒரு பக்கம் +1.1, எதிர்ப்பக்கம் −0.9. மற்றப் பாதியில் அப்படி இல்லை. வரைந்ததில் தவறா, ஸ்கேனில் தவறா?

இன்னுமொன்று: அதே ரோலரின் பினியனும் (சின்னப் பற்சக்கரம்) தேய்ந்திருக்கிறது. 18 பல், வெளி விட்டம் 84.2. சோடிச் சக்கரம் 90 பல். இதையும் ஸ்கேன் பண்ணி வரையலாமா?


பதுளை_டிராஃப்டிங்

இரண்டும் இல்லை. ஒரு பாதி முழுதாக ஒரு பக்கம் 1 மிமீ நகர்ந்திருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் வார்த்தபோதே மேல்பெட்டி கீழ்பெட்டி விலகியிருக்கிறது. நடு அகலத்தில் விரலால் தடவினால் படி ஒன்று தட்டுப்படும். அதைப் படியெடுக்க வேண்டாம், நேராகவே வரையுங்கள். மெஷினிங் படாத வெளிமுகம் 1 மிமீ இங்கே அங்கே இருந்தால் ரோலருக்குத் தெரியாது. தெரிவது மூன்றுதான்: கீழ்முகம், துளை மையம், போல்ட் இடம்.

துளை மையத்தை முட்டை வடிவத்தின் நடுவில் எடுத்துவிடாதீர்கள். ஷாஃப்ட் ஒரு பக்கமாகத்தான் அழுத்தும், தேய்ந்ததும் அந்தப் பக்கம்தான். தேயாத எதிர்ப்பக்கத்து வில்லில் 63.5 விட்டத்தைப் பூட்டி வட்டம் பொருத்துங்கள். மையம் 101.6 உயரத்தில் வந்து உட்கார்ந்தால் சரி.

பினியனை ஸ்கேன் பண்ண வேண்டியதே இல்லை. பல்லின் வடிவம் சூத்திரத்தில் இருக்கிறது, தேய்ந்த பல்லை அதன்மேல் படியெடுப்பதில் என்ன பயன்? அங்குலச் சக்கரத்துக்கு மொடியூல் (மிமீ கணக்கில் பல்லின் பருமன்) அல்ல, டயமெட்ரல் பிட்ச் (விட்டத்தில் அங்குலத்துக்கு எத்தனை பல்) தேட வேண்டும்: பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வெளி விட்டத்தை அங்குலமாக்கி வகுங்கள். 20 ÷ 3.315 = 6.03. ஆகவே 6. புதிதாக இருந்தபோது விட்டம் 84.67, அரை மிமீ தேய்ந்திருக்கிறது. ஃப்ரீகேட் கியர் வேர்க்பெஞ்சில் மொடியூல் 25.4 ÷ 6 = 4.2333 என்று முழுதாக எழுதுங்கள். 4.25 என்று நெருக்கமாகப் போட்டால் ஷாஃப்ட் தூரம் 228.6 இருக்க வேண்டிய இடத்தில் 229.5 கேட்கும், பல் இறுகிப் பிடிக்கும். இரண்டு ஷாஃப்ட் மையத்துக்கும் நடுவே 9 அங்குலம் இருக்கிறதா என்று அளந்தால் 6 என்பது உறுதியாகிவிடும்.

அழுத்தக் கோணம் (பல் பக்கத்தின் சாய்வு) கவனம். அங்கே பெட்டியில் 20 பாகை நிற்கும், பழைய சக்கரங்கள் பல 14½ பாகை. கண்டுபிடிக்க, பெரிய சக்கரத்தில் தேய்மானம் குறைந்த இடமாகப் பார்த்து 8 பல்லைச் சேர்த்து வேர்னியரில் பிடியுங்கள், அதே இடத்தில் 9 பல்லைப் பிடியுங்கள், கழியுங்கள். 12.88 வந்தால் 14½ பாகை, 12.50 வந்தால் 20. வித்தியாசம் 0.38 மிமீதான், ஆகவே சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். 14½ பாகையில் 18 பல் என்றால் பல்லின் வேர் உள்ளே குடைந்தமாதிரி வரலாம். அது மொடலில் வந்த பிழை என்று நினைத்து நிரப்பிவிட வேண்டாம்.